சராய் வீட்டு நோட்டுப் புத்தகம்

சராய் என்றால் என்ன என்று தயவுசெய்து என்னைக் கேட்காதீர்கள். பதினெட்டு வருஷம் அந்த ஒரு சொல்லைக் கட்டிக்கொண்டு அழுதவன் நான். அரண்மனை என்றார்கள், சரி என்றேன். சத்திரம் என்றார்கள், அதற்கும் சரி என்றேன். சும்மா வீடுதானப்பா என்றார்கள், மண்டை காய்ந்துபோய் அதற்கும் தலையாட்டினேன். கடைசியில் என் அதிகப்பிரசங்கித்தனத்தால் ஒரு பெண்ணை நடுத்தெருவில் நிறுத்தப் பார்த்தேன். அவர் பெயர் பவுலின். அவரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். இந்தப் பாழாய்ப்போன சொல்தான் குறுக்கே குறுக்கே வருகிறது.

நான் சக்கரபாணி. திண்டிவனத்தில் மனு எழுதுவது என் பிழைப்பு. ஒரு ஸ்டூல், ஒரு பரீட்சை அட்டை, நாலு கார்பன் தாள், இவ்வளவுதான் என் ஆபீஸ். எனக்குக் கோபம் மூக்கின் மேலேயே உட்கார்ந்திருக்கும். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாதவர்களைக் கண்டால் பேனாவை மூடி வைத்துவிடுவேன். அதனாலேயே பாதிப் பேர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனிடம் போய்விடுவார்கள். போகட்டும்.

பவுலினம்மா முதன்முதலில் என்னிடம் வந்தது 1993 நவம்பரில். தேதி மறந்துவிட்டது, மாதம் மறக்கவில்லை. விழுப்புரம் தனி மாவட்டமாகி இரண்டு மாதம்கூட ஆகியிருக்காது. அதுவரை தென்னாற்காடு, தென்னாற்காடு என்று எழுதிப் பழகிய கை, அதையே எழுதிவிட்டு அடித்துத் திருத்திக்கொண்டிருந்தது. அவருக்கு அப்போது முப்பத்திரண்டு வயது இருக்கலாம். சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை. நெற்றியில் அடுப்புக்கரி இருந்தது, துடைக்கக்கூட இல்லை. ரேஷன் கார்டில் ஒரு பெயரை நீக்க வேண்டும் என்றார். யார் பெயர் என்றேன். வீட்டுக்காரர் ஸ்டீபன்ராஜ் என்றார். காரணம் கேட்டேன். இறந்துவிட்டார் என்றார். எங்கே, எப்போது என்றேன். விழுப்புரத்தில், செப்டம்பரில் என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. பிள்ளைகள் உண்டா என்று கேட்டதற்கும் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார். நானும் துருவவில்லை. சாவுக் காரியத்தில் துருவக்கூடாது என்கிற அளவுக்கு எனக்கும் நல்ல புத்தி உண்டு.

விலாசம் கேட்டபோதுதான் வந்தது வினை. வல்லம் போகிற வழியில், ரோட்டை ஒட்டி, சராய் வீடு என்றார். நான் கால்சராய் கேள்விப்பட்டிருக்கிறேன், சராய் கேள்விப்பட்டதில்லை. அது என்னம்மா பேர் என்றேன், கொஞ்சம் எரிச்சலாகவே. அவருக்கும் தெரியவில்லை. அவர் அப்பா மாசிலாமணி காலத்திலும் சராய் வீடுதான், தாத்தா காலத்திலும் சராய் வீடுதான். அரண்மனை என்று அர்த்தமாம் என்று யாரோ சொல்லப்போய், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எல்லாம் அவரை அரமனைக்காரி என்று கூப்பிட்டுக் கேலி செய்வார்களாம். அதைச் சொல்லும்போது மட்டும் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது.

எதிர் டீக்கடை ரேடியோவில் அந்த நேரம் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அப்போதெல்லாம் தினம் சரயேவோ, சரயேவோ என்று ஒரே சண்டைச் செய்தி. டீ குடித்துக்கொண்டிருந்த தஸ்தகீர் பாய், ஓய்வு பெற்ற உருது வாத்தியார், என் நண்பர், எங்கள் பேச்சைக் காதில் வாங்கிவிட்டார். அந்த ஊர்ப் பெயரும் இந்த அம்மா வீட்டுப் பெயரும் ஒன்றுதானய்யா என்றார். சராய் பாரசீகச் சொல். அரண்மனை என்று அர்த்தம். துருக்கிக்காரன் அந்த ஊரில் அரண்மனை கட்டினான், அதனால் அந்தப் பெயர் என்றார். பவுலினம்மா ரேடியோவைப் பார்த்தார், பாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அங்கே குண்டு விழுதுன்னு சொல்றாங்களே என்று மட்டும் கேட்டுவிட்டு, மனுவை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு அந்தச் சொல் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே சைக்கிளை எடுத்துக்கொண்டு அரண்மனையைப் பார்க்கப் போனேன். நாட்டு ஓடு போட்ட நீளமான கூடம் ஒன்று. நாலு இடத்தில் ஒழுகிய தடம். பின்பக்கம் இடுப்பு உயரத்துக்கு இரண்டு கருங்கல் நட்டிருந்தது, ஓட்டை போட்ட கல். குதிரை கட்டுவதற்கு என்றார் பவுலினம்மா. இப்போது ஒன்றில் ஆடு கட்டியிருந்தது. வாசற்கதவு மட்டும் உண்மையிலேயே ராஜா வீட்டுக் கதவுபோல் இருந்தது. நான் தள்ளிப் பார்த்தேன், ஒரு கையால் முடியவில்லை.

கதவின் ஓரத்தில் ஆணி அடித்து, சணல் கயிற்றில் ஒரு நீள நோட்டு தொங்கியது. அதோடு நூலில் கட்டிய பேனா. அது என்ன என்று கேட்டேன். அதுதான் அந்த வீட்டு வழக்கம். ஆகஸ்ட் கடைசியில் சேத்துப்பட்டு, ஆரணிப் பக்கத்திலிருந்து காவி கட்டிக்கொண்டு வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் அந்த வழியாகத்தான் போவார்கள். அவர்களுக்கு அந்த வீட்டில் கேப்பைக் கூழும் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைத் துவையலும் உண்டு, படுக்க இடமும் உண்டு. பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை நடக்கிறவர்களுக்கும் அப்படியே. சாதி, மதம், ஊர் எதுவும் கேட்பதில்லை. ஒரே ஒரு நிபந்தனைதான். வாசலிலேயே நோட்டில் பெயரும் ஊரும் எழுதிவிட்டு உள்ளே வரவேண்டும். செப்டம்பர் எட்டாம் தேதி, மாதா பிறந்தநாள் அன்று சாயங்காலம், அந்த வருஷம் வந்த எல்லார் பெயரையும் ஊரோடு சத்தமாக வாசித்து ஜெபம் சொல்வார்கள். மாசிலாமணி 1961-ல் தொடங்கியது. அவர் போன பிறகு மகள் செய்கிறார். பழைய நோட்டுகள் எல்லாம் டிரங்குப் பெட்டியில் அடுக்கி இருந்தன.

இப்படி ஒரு வீடா என்று ஆகிவிட்டது எனக்கு. அப்புறம் நானும் வருஷத்துக்கு ஒருமுறை போய் நோட்டில் பெயர் எழுதிவிட்டு ஒரு சொம்பு கூழ் குடித்துவிட்டு வருவேன்.

சொல் விஷயத்துக்கு வருகிறேன். லாரி ஓட்டும் தாண்டவராயன் ஒருநாள் என்னிடம் ஆர்சி புக் தொலைந்த மனுவுக்கு வந்தான். வடநாடு பூராவும் சுற்றியவன். சராய் அரண்மனை என்று நான் பெருமையாகச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தான். வடக்கே ஊருக்கு ஊர் சராய் இருக்கிறதாம், மொகல்சராய் என்று பெரிய ரயில் ஜங்ஷனே இருக்கிறதாம், எல்லாம் அந்தக் காலத்தில் வண்டி மாட்டை அவிழ்த்துவிட்டு ராத்தங்கின சத்திரம்தானாம். நான் நேராகத் தஸ்தகீர் பாயிடம் போய்ச் சண்டை போட்டேன். அவர் நிதானமாகத் தடிமனான அகராதி ஒன்றை எடுத்துப் பிரித்தார். பாரசீகத்தில் சராய் என்றால் அரண்மனை. அதுவே வெறும் வீடு. அதுவே வழிப்போக்கர்கள் இறங்குகிற இடம். மேற்கே இத்தாலிப் பக்கம் போனதும் சுல்தான் தன் பெண்டாட்டிமார்களைப் பூட்டி வைக்கிற அந்தப்புரமாகிவிட்டது என்று வேறு சொன்னார். திறந்துவைக்கிற இடமும் அதுதான், பூட்டிவைக்கிற இடமும் அதுதான் என்றால் மனுஷன் எதை நம்புவது? ஏதாவது ஒன்றைச் சொல்லித் தொலையுங்கள் பாய் என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, சொல் ஒன்றுதான், அதில் குடியிருந்தவர்கள்தான் வேறு வேறு என்றார். அப்போது அந்தப் பதில் எனக்கு எரிச்சலாக இருந்தது.

வருஷங்கள் போயின. 2011 பிப்ரவரியில் பவுலினம்மா கையில் ஒரு காகிதத்தோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். ஐம்பது வயது. தலை பாதி நரைத்திருந்தது. இரண்டு நாளாகத் தூங்கவில்லை என்று முகமே சொன்னது. ரோட்டை அகலப்படுத்துகிறார்கள். அதற்காகப் பழைய பதிவேடுகளைப் புரட்டியபோது அவர் வீடு இருக்கிற இடம் ‘சராய் புறம்போக்கு’ என்று எழுதியிருப்பது தெரிந்திருக்கிறது. எந்தக் காலத்தில் எந்தப் புண்ணியவான் எழுதினானோ. பொதுச் சத்திரத்தில் அத்துமீறிக் குடியிருப்பதாகவும், காலி செய்யவேண்டும் என்றும் நோட்டீஸ். ஆட்சேபனை இருந்தால் மனு கொடுத்து கோட்டாட்சியர் முன்னால் விசாரணைக்கு வரலாம்.

“அந்த வீட்ட வுட்டா எனக்கு வேற எடம் இல்லண்ணா,” என்றார். “எங்க போயி நிப்பேன்? வர்றவங்க எங்க போவாங்க?”

இரண்டாவது கேள்விதான் என்னை உலுக்கியது. உங்கள் வீட்டைப் பிடுங்க நான் விடமாட்டேன் என்று வீராப்பாகச் சொன்னேன். அன்றைக்கு என் நாக்கை நான் கட்டிப்போட்டிருக்கவேண்டும்.

மனு எழுத உட்கார்ந்தால் பேனா நகரவில்லை. பாயின் அகராதியில் முதல் அர்த்தம் அரண்மனை என்பதால் அப்படியே தொடங்கினேன். அரண்மனை என்றால் நவாப் சொத்து, நவாப் சொத்து என்றால் அதற்கப்புறம் சர்க்கார் சொத்து. கிழித்துப் போட்டேன். சத்திரம் என்று எழுதினால் நோட்டீஸை நானே ஒப்புக்கொண்டதுபோல் ஆகும். அதையும் கிழித்தேன். வீடு என்று எழுதினால், அப்படியானால் பதிவேட்டில் ஏன் வீடு என்று எழுதவில்லை என்பார்கள். நாலு தாள் பாழ். கடைசியில் என்ன செய்தேன் தெரியுமா? மூன்று அர்த்தத்தையும் எழுதி, இன்னதென்று தெரியாத ஒரு சொல்லை வைத்து ஒரு குடும்பத்தை வெளியேற்றுவது நியாயமல்ல என்று முடித்தேன். முப்பது வருஷம் மனு எழுதியதில் அதைவிடக் குழப்பமான ஒன்றை நான் எழுதியதில்லை.

வீட்டு வரி ரசீது சிலதுதான் இருந்தது, பாதியைக் கரையான் தின்றிருந்தது. ஐம்பது வருஷமாக அங்கேதான் இருக்கிறார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டும். அப்போதுதான் எனக்கு அந்த மகா யோசனை வந்தது. அந்த நோட்டுகள்! வருஷம் தவறாமல், தேதியோடு, ஆயிரக்கணக்கான பேர் தங்கள் கைப்பட எழுதிய சாட்சி. இதைவிட என்ன வேண்டும்? எடுத்து வா என்றேன். பவுலினம்மா தயங்கினார். அது ஜெபத்துக்கு வைத்தது, ஆபீசுக்குக் கொடுக்கிறதா என்றார். எல்லா நோட்டும் வேண்டுமா, சிலதை மட்டும் கொடுத்தால் போதாதா என்றும் கேட்டார். நான்தான் அதட்டினேன். ஒரு வருஷம் விட்டாலும் அந்த வருஷம் எங்கே என்று கேட்பார்கள் என்றேன். சொன்னால் கேட்கிற அம்மா. பெட்டியோடு கொண்டுவந்து கொடுத்துவிட்டார்.

ஜூலையில் திண்டிவனத்தில் விசாரணை. கோட்டாட்சியர் இளவயது. முன் தலையில் முடி கொட்டியிருந்தது, குரலை உயர்த்தாமல் பேசினார். முதலில் என் மனுவைப் படித்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டது எனக்குத் தெரிந்தது. அப்புறம் நோட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்தார். போளூர், கண்ணமங்கலம், தேவிகாபுரம், ஒலக்கூர், திருவாமாத்தூர் என்று ஊர்ப் பெயர்களைத் தாழ்ந்த குரலில் வாசித்துக்கொண்டே போனார். இதோ முடிந்தது, ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

அவர் நோட்டை மூடினார். வருத்தத்தோடுதான் சொன்னார், அதை நான் மறைக்கமாட்டேன். ஐம்பது வருஷமாக யார் வந்தாலும் சேர்த்து, சோறு போட்டு, தங்க வைத்து, பெயரும் எழுதி வைத்திருக்கிறீர்கள். வழிப்போக்கர் சத்திரத்தில் என்ன செய்வார்களோ அதைத்தான் செய்திருக்கிறீர்கள். இது பொது இடம் என்பதற்கு இதைவிடப் பெரிய ஆதாரத்தைச் சர்க்கார் தேடினால்கூடக் கிடைக்காது என்றார்.

அட மடையா, நீயே சுமந்துகொண்டு வந்து கொடுத்தாயே என்று என் தலையில் நானே அடித்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். பவுலினம்மாவுக்கு அவர் சொன்னது முதலில் புரியவில்லை. புரிந்ததும் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. நல்லதுதானே செஞ்சோம் என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

நான் எழுந்து எதையெதையோ உளறினேன். வாடகை வாங்கவில்லை, சர்க்கார் ஒரு பைசா கொடுத்ததில்லை என்றேன். கோட்டாட்சியர் கையமர்த்தினார். அவர் கேட்டது ஒன்றுதான். சொந்த வீடு என்றால் வேண்டாதவரை வெளியே நிறுத்தும் உரிமை இருக்கும். அப்படி எப்போதாவது யாரையாவது உள்ளே விடாமல் இருந்திருக்கிறீர்களா? குடித்துவிட்டு வந்தவன், திருடன், யாராவது?

சொல்லும்மா, யாரையாவது சொல்லும்மா என்று நான் பக்கத்திலிருந்து கெஞ்சினேன். ஒரு குடிகாரனைத் துரத்தினேன் என்று பொய்யாவது சொல்லக்கூடாதா? பவுலினம்மா தரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். உதடு மட்டும் அசைந்தது.

கோட்டாட்சியர் காத்திருந்தார். காத்திருக்கும்போது கை சும்மா இல்லாமல் மறுபடி ஒரு நோட்டைப் புரட்டியது. ஒரு பக்கத்தில் நின்றது. அந்தப் பக்கத்தை அவர் எங்கள் பக்கம் திருப்பினார். 1993. ஆகஸ்ட் முப்பதாம் தேதி. வரிசையாகப் பெயர்கள். நடுவில் ஒரு பெயர் மட்டும் அடிக்கப்பட்டிருந்தது. பெயரின் மேல் ஒரே ஒரு கோடு, படிக்க முடிந்தது. ஊர் எழுதியிருந்த இடத்தில் மட்டும் பேனா தாளைக் கிழிக்கிற அளவுக்குத் திரும்பத் திரும்ப அடித்து, கறுப்பாக்கி வைத்திருந்தது.

“இத்தனை நோட்டுலயும் வேற எந்தப் பேரும் அடிக்கலம்மா. இது ஒண்ணு மட்டும் ஏன்?”

பெயரை நான் எட்டிப் படித்தேன். ஸ்டீபன்ராஜ். ரேஷன் கார்டிலிருந்து என் கையால் எடுத்த பெயர்.

“அது எங்க வீட்டுக்காருங்க,” என்றார் பவுலினம்மா. “நான்தாங்க அடிச்சேன். அவர உள்ள வுடலங்க.”

அதற்கப்புறம் அவர் சொன்னதை எல்லாம் அவர் வார்த்தையிலேயே எழுத எனக்குத் தெம்பில்லை. ஸ்டீபன்ராஜ் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவர். 1987-ல் செங்கல் சூளையில் வேலை செய்த வேறொரு பெண்ணோடு போய்விட்டார். அந்த அவமானத்திலேயே மாசிலாமணி படுத்தார், இரண்டு வருஷத்தில் போய்ச் சேர்ந்தார். ஆறு வருஷம் கழித்து ஒரு நடுப்பகலில், வேளாங்கண்ணிக்குப் போகிற கூட்டத்தோடு கூட்டமாகக் காவி கட்டிக்கொண்டு ஸ்டீபன்ராஜ் வந்து நின்றார். கால் இரண்டும் வீங்கியிருந்தது. பானை மாதிரி வயிறு. எல்லாரும் எழுதியதுபோல் அவரும் வரிசையில் நின்று நோட்டில் எழுதினார். கூழ் ஊற்றிக்கொண்டிருந்த பவுலினம்மா நிமிர்ந்து பார்த்தார். அகப்பையைப் போட்டுவிட்டு வந்து நோட்டைப் பிடுங்கினார். எழுதியிருந்ததைப் படித்தார். அடித்தார். வழியோடு போகிறவனுக்குத்தான் இங்கே இடம், உனக்கு இல்லை என்று சொல்லிக் கதவைச் சாத்தித் தாழ் போட்டார். மாசிலாமணி காலத்திலிருந்து கூழ் ஊற்றுகிற நாளில் பகலில் அந்தக் கதவு சாத்தியதே இல்லை. மற்றவர்கள் பின்வாசல் வழியாகப் போகவேண்டியிருந்தது.

ஸ்டீபன்ராஜ் எதிர்ப்பக்கம் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். கூட்டம் சாப்பிட்டு எழுந்து கிளம்பும்வரை உட்கார்ந்திருந்தார். அதற்கப்புறம் அவர்கள் பின்னாலேயே நடந்தார். திண்டிவனத்தில் கூட்டம் பாண்டிச்சேரி ரோட்டில் திரும்பியபோது அவரால் முடியவில்லை, விழுப்புரத்துக்கு பஸ் ஏறியிருக்கிறார். ஒன்பதாம் நாள் போலீஸ்காரர் சைக்கிளில் வந்து சேதி சொன்னார். பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் இறந்து கிடந்தாராம். சட்டைப்பையில் வீட்டு விலாசம் எழுதிய துண்டுக் காகிதம் இருந்ததாம். பவுலினம்மா தனியாகப் போய் அங்கேயே புதைத்துவிட்டு வந்திருக்கிறார்.

“ஊருல போறவன் வர்றவனுக்கெல்லாம் தொறந்த கதவுங்க. அவுருக்கு மட்டும் சாத்திட்டேன். கால் வீங்கிக்கினு வந்தவருக்கு ஒரு வாய் கூழு ஊத்தலங்க.”

அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலை என்றிருந்திருக்கும். கோட்டாட்சியர் நோட்டை எடுத்து, அந்தக் கறுப்பை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அப்புறம் இரண்டே கேள்வி கேட்டார். கதவைச் சாத்தக்கூடாது என்று ஊரிலோ, கோயிலிலோ, எந்த அதிகாரியோ அன்றைக்கு வந்து கேட்டார்களா? இல்லை என்றார். அதற்கு முன்னால் கதவைத் திறந்து வைக்கச்சொல்லி யாராவது உத்தரவு போட்டார்களா? அப்பா செய்தார், நான் செய்கிறேன், அவ்வளவுதான் என்றார். கோட்டாட்சியர் எழுதிக்கொண்டார். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டார்.

பவுலினம்மாவை வீட்டில் விட நானும் பஸ் ஏறினேன். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். நான் பின் சீட்டில். மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று இருந்தது, எதற்கென்று கேட்பது என்று தெரியவில்லை. நோட்டைக் கொண்டுவரச் சொன்னதற்கா, கூடவே நின்று கெஞ்சியதற்கா? ரெட்டணை தாண்டியதும் அவரே திரும்பினார்.

“அம்பது வருசம் நல்லது செஞ்சது வீட்டப் புடுங்கப் பாத்துது. ஒருநாள் பாவம் பண்ணது காப்பாத்துது. இது இன்னாண்ணா ஞாயம்?”

எந்தக் கேள்விக்கும் ஒரு மனுவாவது எழுதத் தெரிந்தவன் நான். இதை மட்டும் எந்த ஆபீசுக்கு எழுதுவது?

ஆகஸ்ட் கடைசியில் உத்தரவு வந்தது. இடம் பொதுவானது என்பதற்கு ஆதாரமில்லை. மனுதாரர் தம் விருப்பப்படி பிறரைச் சேர்த்தும் விலக்கியும் அனுபவித்து வந்திருப்பது விசாரணையில் தெரிகிறது. ஆகவே இதைக் குடியிருப்பு வீடாகக் கருதி நத்தத்தில் சேர்க்கவேண்டும். ரோட்டுக்கு வேலியிலிருந்து நாலடி மட்டும் போனது. நோட்டுகளும் பெட்டியோடு திரும்பி வந்தன. நான் கொண்டுபோய்க் கொடுத்தபோது பவுலினம்மா உத்தரவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். ‘விலக்கியும்’ என்கிற இடத்தில் நிறுத்தச் சொன்னார். மறுபடி அதை மட்டும் வாசிக்கச் சொன்னார். அப்புறம் மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு, வரப்போகிறவர்களுக்குக் கேப்பை புடைக்க உட்கார்ந்துவிட்டார்.

தஸ்தகீர் பாய் அப்போது படுக்கையில் இருந்தார். உத்தரவைப் பற்றிச் சொன்னதும் அவருக்குக் குஷி. சராய்க்கு இன்னும் பழைய வேர் ஒன்று இருக்கிறதாம், அரண்மனைக்கும் சத்திரத்துக்கும் முந்தியது. காப்பது, அடைக்கலம் தருவது என்று அர்த்தமாம். எந்தப் புத்தகத்திலோ படித்து எனக்காகவே குறித்து வைத்திருந்தார். போய் அந்த அம்மாவிடம் சொல், சந்தோஷப்படுவார் என்றார்.

சொல்லவேண்டும் என்றுதான் செப்டம்பர் எட்டாம் தேதி சாயங்காலம் போனேன். அந்த ஜெபத்துக்கு நான் போனது அதுதான் முதல் தடவை. கூடத்தில் மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி. தெருவிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர், கால் வலியால் வேளாங்கண்ணிக்குப் போக முடியாமல் அங்கேயே தங்கிவிட்ட இரண்டு பெண்கள், கதவோரம் நான். பெரிய கதவு அகலத் திறந்திருந்தது. பவுலினம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு அந்த வருஷத்துப் பெயர்களை வாசித்தார். முந்நூற்றுச் சில்லறை. பெயர், ஊர். பெயர், ஊர். அடைக்கலம் என்பதை எப்படிச் சொல்வது, எந்த நேரத்தில் சொல்வது என்று நான் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசிப் பெயர் முடிந்தது. எல்லாரும் சிலுவை போடக் கையைத் தூக்கினார்கள். அவர் நோட்டைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்த வேறொரு நோட்டை எடுத்தார். அட்டை பிய்ந்த பழைய நோட்டு. முத்திரை குத்திய பக்கம். தூக்கிய கைகள் அப்படியே நின்றன.

“ஸ்டீபன்ராஜ்,” என்று வாசித்தார்.

ஊர்ப் பெயரில் நின்றுவிட்டார். அங்கே படிக்க என்ன இருக்கிறது, வெறும் கறுப்பு. கோட்டாட்சியர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தும் தெரியாத எழுத்து. எதை இப்படி ஆத்திரமாக அடித்தார் என்று நானும் அன்றிலிருந்து யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். அவருக்கு அதைப் பார்க்கவேண்டிய தேவை இல்லை, படித்துவிட்டு அடித்தவர் அவர்தானே. கண்ணாடியைக் கழற்றினார்.

“ஊர், இந்த வீடு.”

நான் சொல்ல வந்ததைச் சொல்லாமலே எழுந்து வந்துவிட்டேன்.